அரங்கொளியும் நிறத்திருத்தமும்

ஒரு பொருளின் நிறம் அப்பொருளில் மட்டும் உறைவதன்று. அதன்மேல் விழும் ஒளி, அவ்வொளியிற் பொருள் உட்கொண்டது போக எஞ்சித் தெறிக்கும் பகுதி, தெறித்ததை ஏற்கும் கண் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே நிறமென்னும் உணர்வு பிறக்கின்றது. பகலொளியிற் செவ்வரத்தம்பூச் சிவப்பாய்த் தோன்றுவது, அவ்வொளியிற் செந்நிறக் கதிர்கள் உளவாதலாலும், பூவானது ஏனைய கதிர்களைப் பெரும்பாலும் உட்கொண்டு செந்நிறக் கதிர்களைத் தெறித்து விடுதலாலுமாம். செந்நிறக் கதிர் சிறிதுமில்லாத நீல விளக்கின்கீழ் அதே பூ ஏறக்குறையக் கருமையாய்த் தோன்றும். பூ மாறவில்லை, ஒளியே மாறிற்று. வெள்ளொளி பலநிறக் கதிர்களின் சேர்க்கை என்பதை ஐசாக் நியூற்றன் அரியத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஒளியியல் நூலில் விரித்துரைத்தார். இசையரங்குகளிற் பிடிக்கப்படும் ஒளிப்படங்களில் நேரும் நிறக்கேடுகளை விளங்கிக்கொள்வதற்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

கச்சேரி கேட்க வந்தோர் பாடகரின் வேட்டியை வெண்மையாகவே கண்டு செல்வர். மறுநாட் படத்தைப் பார்க்குங்கால் வேட்டி செம்மஞ்சளாகவும், முகம் செங்கல் நிறமாகவும் இருக்கக் காண்பர். வேறொரு படத்தில் அதே பாடகர் நீலத்தில் மூழ்கியவர்போற் காணப்படுவார். இவ்வாறு படம் முழுவதிலும் ஒரு நிறம் படிந்து கிடத்தலை நிறச்சாயல் எனலாம். கமரா பழுதுற்றது என்றோ, படம் பிடித்தவர் திறனற்றவர் என்றோ இதற்குக் காரணங் கூறுதல் பொருந்தாது. கமரா உள்ளவாறே பதிந்தது. கண்ணே ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. செம்மை மிகுந்த ஒளியிற் சிறிது நேரம் இருக்க, கண்ணில் அந்நிறத்தை உணரும் பகுதியின் உணர்ச்சி தணிந்து, ஏனையவற்றின் உணர்ச்சி ஒப்பளவில் உயர்கின்றது. இவ்விணக்கத்தை மூன்று பெருக்கெண்களால் விளக்கலாம் என்னும் கருத்தை ஜோகன்னஸ் வொன் கிறீஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1902ஆம் ஆண்டில் முன்வைத்தார். இற்றைநாட் கமராக்களிலும் கணினிகளிலும் வெண்சமநிலை என வழங்கும் திருத்தமுறை பெரிதும் இக்கருத்தின் வழிவந்ததேயாம்.

அரங்கிற் பயன்படும் விளக்குகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் இருந்த இடத்தில் வாயு விளக்கு வந்தது. 1837ஆம் ஆண்டில் இலண்டன் கொவென்ற் கார்டின் அரங்கிற் சுண்ணாம்புக் கட்டியைச் சுடரால் வெண்சூடாக்கிப் பெறும் சுண்ண ஒளி பயன்பட்டது. 1881ஆம் ஆண்டில் அந்நகரிலே திறக்கப்பெற்ற சவோய் அரங்கு முழுவதும் மின்னொளி பெற்றது. அதற்கு ஜோசப் சுவான் ஆக்கிய இழைக்குமிழ்கள் உதவின. பின்னர் தங்குதன் இழைக்குமிழ்கள் அரங்குகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. 1993ஆம் ஆண்டில் ஒளிமிக்க நீல இருவாயி யப்பானில் வெளிப்பட்டதன் பின்னர், எல்.ஈ.டி. எனப் பொதுமக்கள் வழங்கும் ஒளிகாலும் இருவாயிகள் படிப்படியாக அரங்கேறின. நீல இருவாயியை ஆக்கிய அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் நோபெற் பரிசு வழங்கப்பட்டது. இவ்வரலாறு ஈண்டுக் கூறப்படுவது, விளக்கின் வகை மாறியபோது நிறச்சாயலின் இயல்பும் அடியோடு மாறிற்று என்பதை உணர்த்துதற்கேயாம். தோற்றத்தில் ஒத்த நிறச்சாயல்கள் தன்மையில் இருவேறு இனத்தன. ஓரினம் திருத்தத்துக்கு இணங்கும், மற்றையது இணங்காது.

முதலினத்தை முதற்கண் ஆராய்தல் தகும். சூடேறிய பொருள் வெப்பநிலை உயர உயரச் செம்மையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து வெண்மைக்கும், அதற்கப்பால் நீலஞ்சார்ந்த வெண்மைக்கும் செல்லும். இவ்வொழுங்கைக்கொண்டு ஒளியின் சாயலைக் கெல்வின் அலகிற் குறிப்பது வழக்கு, அதுவே நிறவெப்பநிலை. மெழுகுதிரியின் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின். வீட்டு இழைக்குமிழ் ஏறத்தாழ 2700. அரங்கின் தங்குதன் விளக்கு 3200. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. ஆயின் கெல்வின் எண்ணின் வேறுபாடும் கண்ணுக்குத் தோன்றும் வேறுபாடும் ஒரே அளவாக நடப்பதில்லை. பத்து இலட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்துவரும் ஈவே வேறுபாட்டைச் செவ்வனே காட்டும். 2700க்கும் 3200க்கும் இடையில் ஈவின் வேறுபாடு ஏறக்குறைய 58. 5500க்கும் 6000க்கும் இடையில் அது 15 மட்டுமே. இரண்டும் 500 கெல்வின் இடைவெளியாயினும் முன்னதிற் சிறு பிழையும் பெரிதாய்த் தோன்றும். அன்றியும், இழைவிளக்கின் ஒளியைத் தணிக்குந்தோறும் இழையின் வெப்பநிலை குறைந்து செம்மை மிகும். கச்சேரித் தொடக்கத்திற் பொருத்தமாயிருந்த அளவு, மங்கல ஒளியில் நிகழும் ஆலாபனையின்போது பொருந்தாமற் போவது இதனாலாகும்.

பிலிம் வழங்கிய காலத்தில் இதற்குத் தீர்வு இரண்டு. அரங்கொளிக்கென 3200 கெல்வினுக்கு இசைத்த பிலிமை வாங்குதல் ஒன்று. பகலொளிப் பிலிமைக் கொண்டு வில்லையின்முன் 80ஏ என்னும் நீல வடியைப் பொருத்துதல் மற்றொன்று. அவ்வடி மிகுந்த செம்மையைத் தடுத்து 3200ஐ 5500க்கு ஒப்பாக்கும். ஆயின் வரும் ஒளியும் ஏறத்தாழ நாலிலொரு பங்காகக் குறைந்துவிடும். மங்கிய அரங்கில் இஃது எளிதில் தாங்கத்தக்க இழப்பன்று.

இலக்கமுறைக் கமராவில் வடியின் வேலையைக் கணிதம் செய்கின்றது. கமராவின் உணரி தன்னளவில் நிறமறியாதது. அதன் நுண்ணிய கூறுகள் ஒவ்வொன்றின்மீதும் செம்மை, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிற வடி படிந்திருக்கும். ஈஸ்மன் கொடாக் நிறுவனத்துப் பிறைஸ் பேயர் 1976ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, நான்கு கூறுகளில் இரண்டு பச்சை, ஒன்று செம்மை, ஒன்று நீலம். எனவே படத்தின் ஒவ்வோரிடமும் இறுதியில் மூன்று எண்களாகவே அமைகின்றது. எடுத்துக்காட்டாக, அரங்கொளியில் ஒரு சாம்பல்நிற அட்டையின் அளவீடு செம்மை 200, பச்சை 120, நீலம் 60 எனக் கொள்க. சாம்பல் நிறத்துக்கு மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். ஆதலின் செம்மையை 0.6 ஆலும் நீலத்தை 2 ஆலும் பெருக்க, மூன்றும் 120 ஆகின்றன. இப்பெருக்கெண்களையே அதே ஒளியில் உள்ள பாடகரின் முகத்துக்கும் வழங்குதல் வேண்டும். முகத்தின் அளவீடு 150, 66, 25 ஆயின், திருத்திய பின் 90, 66, 50 ஆகும். செங்கல் நிறமாயிருந்த முகம் தன் இயல்பான மாநிறத்தை அடைகின்றது. இஃது புனைவன்று. தங்குதன் ஒளியில் நீலக்கதிர் குறைவாயினும் உளது. குறைந்ததைக் கூட்டியும் மிகுந்ததைக் குறைத்தும் பழைய விகிதம் மீட்கப்பட்டது, அவ்வளவே.

இக்கணக்குச் சரியாக அமைய, உண்மையிலே நடுநிலையான ஒரு பொருள் படத்தில் வேண்டும். கச்சேரி தொடங்குமுன் அவ்வொளியின்கீழ் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் பிடித்துக்கொள்ளுதல் மிகச் சிறந்த வழி. அதற்கு வாய்ப்பில்லாதவிடத்து வெள்ளைத்தாள், பருத்தி வேட்டி, நெற்றியிலணிந்த திருநீறு ஆகியன உதவும். வெண்மைபோலத் தோன்றுவன அனைத்தையும் நம்பலாகாது. மிருதங்கத்தின் தோல் இளமஞ்சள். பட்டுவேட்டி பாலாடை நிறம். இவற்றை வெண்மையெனக் கொண்டு திருத்தினால் படம் நீலம் பாரிக்கும். வெளுப்பூட்டி கலந்த தூளினாற் சலவை செய்த துணி கழியூதாக் கதிர் கலந்த ஒளியிற் தானே நீலமாய் ஒளிரும். அளவிடும் இடம் நிரம்பி வழிந்த வெண்மையாகவும் இருத்தலாகாது. அவ்வாறாயின் மூன்று எண்களும் தம் உச்சத்தை எட்டி, உண்மை விகிதத்தை இழந்திருக்கும்.

கமராவின் தானியங்கு வெண்சமநிலை இவ்விடத்திற் பெரும்பாலும் வழிதவறச் செய்யும். காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் சராசரி செய்தாற் சாம்பல் நிறம் வரும் என்னும் ஊகம் அத்தகைய முறைகளின் பழைய அடிப்படைகளில் ஒன்று. பின்புறம் முழுவதும் செந்திரை தொங்கும் மேடையில் அவ்வூகம் பொய்க்கும். திரையின் செம்மையை ஒளியின் செம்மையெனக் கருதி, கருவி படம் முழுவதையும் நீலப்பச்சைக்குத் தள்ளிவிடும். அன்றியும், படத்துக்குப் படம் அளவு மாறுவதால் ஒரே கச்சேரியின் படங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போகும். எனவே இழைவிளக்கு அரங்கில் 3200 என நிலையாக அமைத்துக்கொள்ளுதலே நன்று.

இனி இரண்டாம் இனம். இருவாயி விளக்கின் ஒவ்வொரு நிறமும் நிறமாலையில் ஒரு குறுகிய பகுதியையே தரும். செவ்விருவாயி 630 நனோமீற்றரை அடுத்தும், பச்சை 525ஐ அடுத்தும், நீலம் 465ஐ அடுத்தும் ஒளிர்வது பொதுவழக்கு. இன்றைய இசையரங்குகளில், சிறப்பாக மெல்லிசை அரங்குகளில், தனி நீலமோ தனிச் செம்மையோ மட்டும் மேடையை நிறைக்கும் வேளைகள் பல. இழைவிளக்கின்முன் ஆழ்ந்த நீல வடி இட்டபோதும் ஏறக்குறைய இந்நிலையே நேரும். நீல இருவாயியின்கீழ் வெள்ளை வேட்டியின் அளவீடு செம்மை 4, பச்சை 30, நீலம் 180 எனக் கொள்க. முன்னைய முறைப்படி செம்மையை 7.5 ஆற் பெருக்கி, நீலத்தையும் பச்சையின் அளவுக்குக் குறைத்தால் வேட்டி சாம்பலாகிவிடும். ஆனால் 4 என்னும் சிற்றெண்ணில் உணரியின் பிழை கூட்டியோ குறைத்தோ 2 இருக்குமாயின், அப்பிழையும் 15 ஆகப் பெருகி, படமெங்கும் மணிமணியாகப் புள்ளிகள் சிதறும். இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. அந்த 4 செந்நிறக் கதிரின் அளவே அன்று. செவ்வடியூடே கசிந்த நீலத்தின் எச்சமாகும். பாடகியின் சேலை அரக்குச் சிவப்போ கருமையோ என்பதை அவ்வெண் அறியாது. அரக்குச் சேலையின் செம்மையை வெளிப்படுத்தக்கூடிய கதிர் மேடைக்கு வரவேயில்லை. பூச்சியத்தை எவ்வெண்ணாற் பெருக்கினும் பூச்சியமே எஞ்சும்.

ஒளியில் இல்லாத செய்தி படத்திலும் இராது என்பதற்கு நிறப்படத்தின் பிறப்பு வரலாறே ஒரு வியத்தகு சான்று தருகின்றது. 1861ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் நிறுவனத்தில் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் நிற நாடா ஒன்றின் படத்தைத் திரையிற் காட்டினார். தோமஸ் சட்டன் மூன்று நிற வடிகளூடாகத் தனித்தனியே பிடித்த படங்களை மூன்று விளக்குகளால் ஒன்றன்மேலொன்றாக வீழ்த்திய காட்சி அது. அக்காலத் தகடுகள் செந்நிறத்தை உணரும் ஆற்றலற்றவை. அங்ஙனமாயின் செவ்வடியூடு பிடித்த தகட்டில் உருவம் விழுந்தது எவ்வாறு? நூறாண்டு கழித்து, 1961ஆம் ஆண்டில், கொடாக் நிறுவனத்து றல்ப் எவன்ஸ் இதற்கு விடை கண்டார். நாடாவின் சிவந்த பகுதி கழியூதாக் கதிரையும் தெறித்தது. செவ்வடியாகப் பயன்பட்ட திரவம் அக்கதிரையும் ஊடுசெல்ல விட்டது. தகடு உணர்ந்தது அதனையே. செம்மையெனக் கண்டோர் மகிழ்ந்தது செம்மையின் பதிவன்று. மக்ஸ்வெலின் கொள்கை சரியானதே. ஆனால் அன்றைய படம் அதற்குத் தற்செயலாகவே ஒத்துழைத்தது. இன்றும் நீல ஒளியிற் பிடித்த படத்தின் செந்நிறக்கூறைப் பெருக்குவோர் இத்தகைய போலிச் செம்மையையே பெறுகின்றனர். தற்செயலின் துணைதான் பெரும்பாலும் கிட்டுவதில்லை.

நிறச்சாயலாற் பெரிதும் கேடுறுவது மனித முகம். தோலிலுள்ள மெலனின் குற்றலைநீளக் கதிர்களை மிகுதியாக உட்கொள்ளும். செம்மையை நோக்கிச் செல்லச் செல்லத் தெறிப்பு உயரும். எனவே செவ்வொளியில் முகம் மிக ஒளிர்ந்து, செந்நிறக்கூறு நிரம்பி வழிய, சுருக்கமும் நிழலும் மறைந்து தட்டையாகும். நீல ஒளியில் முகம் இருண்டு, சிறு மறுக்களும் பெரிதாய்த் தோன்றும். தோல் கருமையாயின் இக்கேடு இன்னும் மிகும். அன்றியும், கொடாக் நிறுவனம் படம் அச்சிடும் நிலையங்களுக்கு வழங்கிய மாதிரி அட்டைகளிற் பல்லாண்டுகளாக வெண்டோல் மங்கையரின் உருவமே இருந்தது. 1990களிலேதான் பல நிறத்தார் உருவங்கொண்ட அட்டைகள் வந்தன. முகம் எந்நிறமாக இருந்தாற் சரியென்னும் கேள்விக்கு இயந்திரம் கூறும் விடை, அதனை அமைத்தோர் கொண்ட மாதிரியைச் சார்ந்ததென்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. திருத்துவோர் கலைஞரின் உண்மை நிறத்தை நோக்கித் திருத்துதல் வேண்டும். வெளிறவைத்தலைத் திருத்தமெனக் கொள்ளுதல் தவறு.

இவ்விரு இனங்களின் வேறுபாட்டை உணர்ந்தோர்க்குச் செய்யவேண்டியன தாமே தெளிவாகும். படம் பிடிக்கும்போது மூலக்கோப்பாகவே பதிதல் வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறக்கூறுக்கும் 256 படிகளே உள. 14 துணுக்கு மூலக்கோப்பில் 16,384 படிகள் உள. பெருக்கலின்போது முன்னதிற் படிகள் பிளவுற்றுத் தோன்றும், பின்னது தாங்கும். அடுத்து, ஒளியின் அளவை மூன்று கூறுகளுக்கும் தனித்தனியே காட்டும் பரம்பல் வரைபை நோக்குக. தனி நிற ஒளியிற் சராசரி அளவு குறைவாய்க் காட்டினும் செம்மையோ நீலமோ மட்டும் உச்சத்தைக் கடந்திருக்கும். கடந்தது பின்னர் மீளாது. எனவே ஒளியைச் சற்றுக் குறைத்துப் பதிதல் காப்பாகும். எல்லாவற்றினும் மேலானது பொறுமை. நிறவிளக்குகள் மாறிமாறி எரியும் மேடையிலும் வெள்ளொளி வந்து செல்லும் கணங்கள் உண்டு. ஒரு பாடல் முழுவதும் காத்திருந்து அக்கணத்திற் பிடித்த ஒரு படம், பின்னர் கணினியின்முன் பலமணி உழைத்துத் திருத்தும் இருபது படங்களுக்கு மேலாகும்.

பிடித்தபின் செய்வன படத்தின் தன்மையைப் பொறுத்தவை. ஒளி ஒருவகையாயின் ஒரே திருத்தம் போதும். முகத்தின் ஒருபுறம் செம்மஞ்சளும் மறுபுறம் நீலமும் விழுந்திருப்பின் ஒரே பெருக்கெண் இரண்டுக்கும் பொருந்தாது. பகுதி பகுதியாகத் திருத்துதல் வேண்டும். அப்போதும் முகத்துக்கு முதன்மை கொடுத்து, பின்புலத்தின் சாயலை அவ்வாறே விடுதல் இயல்பாயிருக்கும். இழைவிளக்கின் செம்மையையும் முற்றாக அகற்றுதல் வேண்டுவதன்று. சிறிது வெம்மை எஞ்சுவதே அரங்கின் நினைவுக்கு ஒத்தது. தனி நிற ஒளியிற் பிடித்த படத்துக்கோ நேர்மையான வழிகள் இரண்டே. நிறத்தை அவ்வாறே விட்டு, வழிந்தோடும் செறிவை மட்டும் சற்றுத் தணித்தல் ஒன்று. செறிந்த செய்தியுள்ள கூறைமட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக்குதல் மற்றொன்று. செவ்வொளிப் படத்தின் செந்நிறக்கூறு நிரம்பி வழிந்திருப்பினும் பச்சைக்கூற்றில் முகத்தின் வடிவு எஞ்சியிருத்தல் கூடும். நிறத்தைக் கைவிட்டவிடத்து முகபாவம் மீளும்.

இவற்றுக்கு மாறாக, செயற்கை நுண்ணறிவின் துணையால் நீலப்படத்தையும் நொடியில் இயல்புநிறப் படமாக்கும் கருவிகள் இப்போது வந்துள்ளன. எண்ணிறந்த படங்களைக் கற்ற அக்கருவி, தோல் இன்னவாறிருக்கும், சேலை இன்னவாறிருக்கும் என ஊகித்துத் தீட்டுகின்றது. விளைவு கண்ணுக்கினியது, ஆனால் அது பதிவன்று, ஓவியம். அரக்குச் சேலை உடுத்துப் பாடியவர் படத்திற் பச்சைச் சேலையோடு காணப்படுவார். கண்டறிந்தோர் மறைந்தபின் பச்சையே வரலாறாகும். அரங்க விளக்கை அமைத்தவரின் நோக்கமும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. சோகச் சுவைக்கென அவர் விரும்பி ஏற்றிய நீலம் பிழையன்று. அதனை அழிப்பது அன்றைய நிகழ்ச்சியின் ஒரு பகுதியையே அழிப்பதாகும். ஆதலின் மூலக்கோப்பை மாற்றாது பேணுதலும், நிறம் ஊகித்து இடப்பட்டதாயின் படத்தின்கீழ் அவ்வாறே குறித்தலும் கடமையாகும்.

ஒளி தந்ததைச் சமன்செய்வது திருத்தம். ஒளி தராததை இட்டு நிரப்புவது புனைவு. இரண்டுக்கும் இடமுண்டு, ஒன்றை மற்றொன்றென மயங்குதற்கே இடமில்லை. நிறச்சாயல் படிந்த ஒரு படத்தை எடுத்தவுடன் எவ்வாறு திருத்துவது எனக் கேட்பதற்கு முன்னர், அன்று மேடையில் எரிந்த விளக்கு எது எனக் கேட்டல் வேண்டும். அதற்கு விடை கண்டவர், எதனைத் திருத்தலாம், எதனை விட்டுவிடுதல் தகும் என்பதையும் கண்டவராவர்.